பதினாறு பேர் கூடித் தங்க ஒரு தோப்பு வீடு

கேள்வி: "அப்பாவுக்கு வயது 75, முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அண்ணன் குடும்பம் சென்னையில், நாங்கள் கோவையில், தங்கை மதுரையில். குழந்தைகளையும் சேர்த்துப் பதினாறு பேர். ஒரு சனி, ஞாயிறு எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் வேண்டாம். கிராமத்துப் பக்கம் வீடு மாதிரி இடம் எப்படித் தேடுவது?"

முதலில், இதில் எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். ஆனைமலைப் பக்கம் எங்கள் சித்தப்பா தன் தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டைப் புதுப்பித்து வார இறுதிகளில் வாடகைக்கு விடுகிறார். வருகிறவர்களோடு ஃபோனில் பேசுவது பெரும்பாலும் நான்தான். (உங்களை அங்கே இழுக்கவில்லை. பத்துப் பேருக்கு மேல் அந்த வீடு தாங்காது.) கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது "வியூ எப்படி இருக்கும்?" அடுத்தது "பக்கத்தில் பார்க்க என்னென்ன இருக்கு?" எத்தனை கழிவறை என்று கேட்பவர்கள் குறைவு. வந்து சேர்ந்த பிறகு நடப்பதோ வேறு. அக்கா, தம்பி, சித்தி, மாமா என்று கூடுகிற குடும்பங்கள் வீட்டை விட்டு நகர்வதே இல்லை. திண்ணையில் பேச்சு, அப்புறம் சாப்பாடு, தூக்கம், மறுபடியும் பேச்சு. மிஞ்சிப்போனால் சனிக்கிழமை மாலை ஒரு அணைக்கட்டு, இல்லையென்றால் ஒரு கோயில்.

ஆகவே ஊரைப் பிடித்துவிட்டு அதற்குள் வீடு தேடாதீர்கள். வீடுதான் முக்கியம். உங்கள் அப்பா எந்த வீட்டில் யார் கையையும் பிடிக்காமல் நடமாட முடியுமோ, அந்த வீடு இருக்கிற ஊருக்குப் போனால் போதும்.

இதை வைத்துப் பார்த்தால் மலை ஊர்கள் பெரும்பாலும் கழிந்துவிடும். மலையில் காட்சி நன்றாக இருக்கிறது என்றால் வீடு சரிவில் இருக்கிறது என்று பொருள். சரிவு என்றால் படிகள். கார் மேலே சாலையில் நிற்கும், வீடு நாற்பது படி கீழே இருக்கும். பலகணியிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதோடு மலைப்பாதையையும் கணக்கில் எடுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு 70. பின்சீட்டில் நான்கு குழந்தைகள் இருந்தால் எத்தனாவது வளைவில் வண்டியை நிறுத்த வேண்டிவரும் என்று உங்களுக்கே தெரியும். வால்பாறை எனக்கு ரொம்பப் பிடித்த ஊர்தான். ஆனால் சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர் அது. அந்தி சாய்ந்த பிறகு குழந்தைகளை வாசலில் விளையாட விடக்கூடாது. தென்மேற்குப் பருவமழையில் அட்டைக்கடியும் சேர்ந்துகொள்ளும். பெரியவர்கள் நான்கு பேர் போக அருமையான இடம். மூன்று தலைமுறை கூடுவதற்கு அல்ல.

இன்னொன்று, இ-பாஸ், அதாவது வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது நடைமுறையில் இருக்கிறது. கோடை நெரிசலில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற வரம்பும் அப்புறம் வந்தது. 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் உண்டு. "ஊட்டி வேண்டாம், கோத்தகிரி போகலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். கோத்தகிரியும் நீலகிரிதான், அதற்கும் பாஸ் எடுத்தாக வேண்டும். எடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் மூன்று ஊரிலிருந்து வரும் நான்கைந்து வண்டிகளுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். யாராவது ஒருவர் மறந்துவிட்டுச் சோதனைச் சாவடியில் நின்றபடி உங்களுக்கு ஃபோன் செய்வார்.

உங்கள் மூன்று குடும்பங்களுக்கும் நான் சொல்வது பொள்ளாச்சி, ஆனைமலை, ஆழியாறு, உடுமலைப்பேட்டை வட்டாரம். என் ஊர்ப்பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, காரணத்தையும் கேளுங்கள். தரை சமம். தென்னந்தோப்புக்குள் வீடு, வாசல் வரை கார் வரும். நீங்கள் கோவையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். சென்னை சென்ட்ரலிலிருந்து பாலக்காடு போகும் இரவு ரயில் திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சியைத் தொட்டுத்தான் போகிறது. அண்ணன் வெள்ளி இரவு ஏறினால் சனிக்கிழமை காலை இங்கே இறங்கலாம். மதுரையிலிருந்து கோவைக்குப் பழனி, பொள்ளாச்சி வழியாக ரயில் உண்டு. காரில் வந்தால் பழனி வழியாக நாலு மணி நேரம் ஆகலாம், பாதி வழியில் முருகனையும் பார்த்துவிடலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் இடையிடையே தூறலும் சேர்ந்து மலைக்குப் போகாமலே மலைக்காற்று கிடைக்கும். சித்திரை, வைகாசியில் இதெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். வெயில் வெயில்தான்.

இரவு ரயிலில் வருகிறவர்கள் இருந்தால் தங்கும் நேரத்தைக் கவனியுங்கள். பல வீடுகளில் பகல் 12 அல்லது 1 மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள், மறுநாள் 11 மணிக்கு வெளியே. இந்தக் கணக்கில் சனி ஒரு இரவுக்கு மட்டும் எடுத்தால், அண்ணன் குடும்பம் காலையிலேயே பெட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ஞாயிறு காலையில் இட்லி இறங்குவதற்குள் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். வெள்ளி, சனி இரண்டு இரவும் எடுங்கள். கோவைக்காரர்களான நீங்கள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அப்பாவோடு வந்து வீட்டைத் திறந்து, குழாய், விளக்கு, பாய் எல்லாம் சரிபார்த்து, மற்றவர்களை வரவேற்கலாம். ஞாயிறு மாலை வரை இருந்துகொள்ளலாமா என்று முன்பே கேளுங்கள். ஞாயிறு இரவுக்கு ஆள் வராத வீடுகள்தான் அதிகம், பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சரி என்பார்கள். கடைசி நிமிடத்தில் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

பொள்ளாச்சி வேண்டாம், வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றால் ஏற்காடு. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சேலத்துக்கு ரயிலுக்குப் பஞ்சமில்லை, மேலே ஏற முப்பது கிலோமீட்டர், 20 வளைவுகள். காப்பித் தோட்டத்துக்குள் நல்ல வீடுகள் உண்டு, படிகளை மட்டும் விசாரியுங்கள். மதுரைத் தங்கைக்குத்தான் கொஞ்சம் அலைச்சல். ஏலகிரி ஏறுவதற்கு லகு, 14 வளைவுதான், ஆனால் சென்னை, பெங்களூரு இரண்டு பக்கக் கூட்டமும் அங்கே வந்து விழும். மதுரைக்கு நெருங்கிய மலை என்றால் சிறுமலை, அண்ணனுக்கு அது தூரம்.

செட்டிநாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், பெரிய குடும்பம் கூடுவதற்கென்றே கட்டிய வீடுகள் அவை. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் சில இப்போது தங்கும் விடுதிகளாக இருக்கின்றன. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு என்று வீடு போய்க்கொண்டே இருக்கும். வளவைச் சுற்றி நாற்பது பேர் உட்கார்ந்தாலும் நெரிசல் தெரியாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் குழந்தைகள் மத்தியானம் முழுக்க உருண்டுகொண்டு கிடப்பார்கள். பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை எல்லாம் பக்கம். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் காரைக்குடி போகிறது. சிக்கல் மூன்று. தெருவிலிருந்து முகப்புக்கு ஏறும் படிகள் உயரம், உள்ளே நிலைப்படிகளும் உயரம், அப்பாவின் முட்டிக்கு ஆகுமா பாருங்கள். வாடகையை அறைக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள், ஏழெட்டு அறை எடுத்தால் கைக்கு மீறும். மார்ச்சுக்குப் பிறகு அந்த வெக்கையில் யாரும் கொண்டாட முடியாது. மார்கழி, தை மாதம் என்றால், பணமும் கைகொடுத்தால், யோசிக்காமல் போங்கள்.

சரி, தேடுவது எப்படி? ஏர்பிஎன்பி, மேக்மைட்ரிப் போன்ற செயலிகளில் வட்டாரத்தைப் போட்டு, "முழு வீடு" என்று வடிகட்டி, ஏழெட்டு வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வீடுகளைக் கூகுள் வரைபடத்தில் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தை வைத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்: பக்கத்தில் கோழிப்பண்ணையா, நெடுஞ்சாலையா, கல்யாண மண்டபமா, "ஆற்றோரம்" என்று எழுதியிருப்பது ஆறா வாய்க்காலா. விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் படியுங்கள். ஐந்து நட்சத்திரக்காரர்களை விடுங்கள், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் உண்மை பேசுவார். "எல்லாம் நன்றாக இருந்தது, ஆனால்" என்று ஆரம்பிக்கிற ஆள் நமக்கு வேண்டிய ஆள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஹோம்ஸ்டே என்றால் அதிகபட்சம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை. வீட்டுக்காரர் குடும்பமும் அங்கேயே குடியிருக்க வேண்டும். இருபது அறை கட்டி ஹோம்ஸ்டே என்று பலகை வைத்திருந்தால் அது லாட்ஜ்தான். சனி இரவு பக்கத்து அறையில் கல்லூரிப் பையன்கள் ஸ்பீக்கரோடு வந்திறங்குவார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்ற சட்டம் இருக்கிறது, ஆனால் நள்ளிரவில் யார் போய் அதைப் பேசுவது? முழு வீடும் உங்களுக்கு மட்டும்தானா, வளாகத்தில் வேறு யாரும் தங்குவார்களா என்று நேராகக் கேளுங்கள்.

"காட்டுக்குள் இருக்கிறது, யானை வாசலுக்கே வரும்" என்று ஆசை காட்டுகிற இடங்களை நான் தள்ளிவிடுவேன். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகளை மூட வேண்டும் என்ற உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. அனுமதி இல்லாத இடத்துக்கு என்றைக்கு வேண்டுமானாலும் சீல் விழும். கொடுத்த முன்பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். அதைவிட, யானை நிஜமாகவே வாசலுக்கு வந்தால் முட்டி வலிக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பட்டியல் மூன்றாகச் சுருங்கியதும் ஃபோன் போடுங்கள். முன்பதிவு எடுப்பவரோடு பேசி நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் இருப்பவர், அதாவது காவல் இருப்பவரோ சமையல் செய்யும் அக்காவோ, அவரோடு இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். கோவையில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு (என்னையும் சேர்த்துத்தான்) வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தெரியாது. அந்த அக்காவுக்குத் தெரியும்.

அவரிடம் கேட்க வேண்டியதில் முதலாவது தண்ணீர். ஒரு நாளைக்கு ஆளுக்கு நூறு லிட்டர் என்று வைத்தாலும் பதினாறு பேருக்கு 1,600 லிட்டர். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றுதான் என்றால் மோட்டாரை யார் போடுவது, கரண்ட் இல்லாத நேரத்தில் என்ன வழி என்று விசாரியுங்கள். "இன்வெர்ட்டர் இருக்கு" என்பார்கள். ஃபேனும் விளக்கும் அதில் ஓடும், மோட்டார் ஓடாது. வெந்நீரும் அப்படித்தான். மூன்று குளியலறையிலும் கீசர் இருக்கும், மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ட்ரிப் ஆகி வீடே இருண்டுவிடும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினாறு பேரும் வரிசையில் நிற்கும்போது இது விளையாட்டல்ல. பின்கட்டில் விறகடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் காய்ச்சித் தரும் வீடு கிடைத்தால் நான் கீசரைத் தேடவே மாட்டேன். கழிவறை நான்கு பேருக்கு ஒன்றாவது வேண்டும். அவற்றில் ஒன்று கீழ்த்தளத்தில், அப்பா படுக்கும் அறையை ஒட்டி, வெஸ்டர்னாக, வாசலில் படி இல்லாமல் இருக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி இருக்கிற வீடு அபூர்வம். குளியலறையில் போட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறதா என்றாவது கேளுங்கள். தரையின் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வழவழப்பான டைல்ஸ் என்றால் ரப்பர் விரிப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்தது கிணறு. கொங்குத் தோட்டத்துக் கிணறுகள் அகலமானவை, ஆழமானவை. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, புல் மறைத்திருக்கும். வீட்டிலிருந்து கிணறு எவ்வளவு தூரம், கம்பிவேலி உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். நீச்சல் குளமும் அதே கேள்விதான். சரியான பதில் வராவிட்டால் அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தோப்பில் இன்னொரு எச்சரிக்கை: தென்னைக்கு நேர் கீழே காரையும் நிறுத்தாதீர்கள், கட்டிலையும் போடாதீர்கள். முற்றின தேங்காயோ பச்சை மட்டையோ விழுந்தால் கண்ணாடி போகும், அல்லது மண்டை. எங்கள் சாளையில் வண்டி நிறுத்துவதற்கென்று மரமில்லாத இடத்தில் தகரக் கொட்டகையே போட்டிருக்கிறோம். இரவில் நடமாட டார்ச் வேண்டும், பாம்புள்ள பூமி. மாலையில் கொசு உண்டு.

சாப்பாடு விஷயத்தில் வீட்டுப் பெண்களை அடுப்படியில் நிறுத்துகிற ஏற்பாடு எதுவானாலும் அது கூடுகை ஆகாது, இடம் மாறிய வேலை. "கிச்சன் இருக்கு, நீங்களே சமைச்சுக்கலாம்" என்பதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமைத்துத் தருகிறவர் உள்ள வீட்டையே எடுங்கள். குழந்தைக்குப் பால் காய்ச்சவும் நடுராத்திரி டீ போடவும் அடுப்படியைத் திறந்துவிட்டால் போதும். என்ன வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே சொன்னால்தான் நாட்டுக்கோழி கிடைக்கும், சந்தகைக்கு (இடியாப்பம் மாதிரி கொங்குப் பலகாரம்) மாவு இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு, இரவுக்கு அரிசிம்பருப்புச் சோறு, ஞாயிறு காலை தேங்காய்ப்பாலோடு சந்தகை. இதற்கு மேல் ஆசைப்பட்டால் சாப்பிட்டு எழுந்திருக்க முடியாது. புரட்டாசியில் தேதி வைத்தால் சைவமா அசைவமா என்ற பஞ்சாயத்தை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் சமையல் செய்பவரிடமே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் ஒன்றாக உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நான்கு அறைகள் பெரிதாக இருந்து நடுவில் கூடம் சின்னதாக இருந்தால், இரவு ஒன்பது மணிக்கு நான்கு குடும்பமாகப் பிரிந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெரிய கூடமோ திண்ணையோ இருக்கட்டும். அறைகள் கொஞ்சம் இடுக்காக இருந்தாலும், படுக்கை இரண்டு குறைந்தாலும் ஒன்றுமில்லை. பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். ஜமக்காளமும் தலையணையும் எத்தனை இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், போதாவிட்டால் காரில் நாலு போர்வை எடுத்துப்போனால் ஆச்சு.

வாடகை தலைக்கு இவ்வளவா, வீட்டுக்கு இவ்வளவா என்பது முக்கியம். பதினாறு பேருக்கு முழு வீட்டு வாடகை, சாப்பாடு தலைக்கணக்கு என்பதுதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். எத்தனை வயது வரை குழந்தைகளுக்குக் காசு இல்லை, வண்டி ஓட்டி வருபவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா, விறகு மூட்டி உட்கார்ந்தால் தனிக் காசா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஜிஎஸ்டி என்று சொல்லி மேலே காசு கேட்டால் எண்ணோடு பில் கேளுங்கள். நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான்.

முன்பணம் அனுப்புமுன் வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். வாசலில் ஆரம்பித்து அப்பாவின் அறை, கழிவறை, அடுப்படி, கிணறு வரை. யாரோ ஒருவர் வீட்டுப் படத்தைப் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிற மோசடிகள் நடக்கின்றன. வீடியோவுக்குச் சாக்குப்போக்கு சொல்கிறவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணம் போடும்போது திரையில் வரும் பெயர் நீங்கள் பேசிய ஆளின் பெயரா என்றும் பாருங்கள். நீங்கள் கோவையில் இருப்பதால் இதெல்லாம்கூட வேண்டாம். ஒரு ஞாயிறு காலை அப்பாவையே காரில் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு மூன்று வீடுகளை நேரில் காட்டிவிடுங்கள். அவர் எந்தத் திண்ணையில் காலை நீட்டி உட்காருகிறாரோ, அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

தேதி முடிவானதும், வீட்டை உறுதி செய்வதற்கு முன்பே ரயில் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. வெள்ளி இரவுக்கும் ஞாயிறுக்கும் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அண்ணனுக்கு டிக்கெட் உறுதியான அன்றே வீட்டுக்காரருக்கு முன்பணம் போடலாம், டிக்கெட் இல்லாவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். பொங்கல், தீபாவளி ஒட்டிய வாரங்களும் தொடர்விடுமுறைகளும் வேண்டாம். வாடகையும் ஏறும், டிக்கெட்டும் கிடைக்காது. ஜூலை நடுவில் ஒரு சாதாரண வாரம் பாருங்கள்.